மலையடிவாரத்து வரலாறு – 31: மலைக்குள் எதை வைக்கப் போகிறார்கள்?

சென்ற இதழை ராஜபாளையத்து ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தின் கரையில் நிறுத்தியிருந்தேன். மலையிலிருந்து இறங்கும் தண்ணீர் ஊருக்குக் குடிதண்ணீர் ஆன கதை அது. அதே மலைத்தொடரின் பேரில் இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு அண்மைக்காலத்தில் ஒரு பயம் வந்தது. அதைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை.

2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை, தேனி மாவட்டத்துப் பொட்டிப்புரம் அருகே நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 1,500 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடியிலிருந்து காக்கை பறக்கிற வழியில் அளந்தால் அந்த இடம் 60 கிலோமீட்டர் இருக்கும். சில நாளிலேயே டீக்கடைப் பேச்சு மாறிவிட்டது. "அண்ணாச்சி, போடி மலையக் குடைஞ்சு கூடங்குளத்துக் குப்பையக் கொண்டாந்து வைக்கப் போறாகளாம்ல? நம்ம கண்மாய்த் தண்ணி என்ன ஆகும்?" கேட்டவர் ஒரு சம்சாரி. செண்பகத்தோப்புப் பக்கம் தென்னை வைத்திருப்பவர். அவருக்கு அன்றைக்கு நான் சொன்ன பதில் அரைகுறையானது. இந்த அத்தியாயம் அவருக்கு நான் வைத்திருக்கும் பாக்கி.

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அது அணுக்கழிவுக் கிடங்கு அல்ல. ஒரே பாறையாக நிற்கும் மலைக்குள் சுமார் 2 கிலோமீட்டருக்குச் சுரங்கம், அதன் முடிவில் ஒரு பெரிய குகை, குகைக்கு எல்லாப் பக்கமும் ஒரு கிலோமீட்டருக்குக் குறையாத பாறை, உள்ளே காந்தமேற்றிய 50,000 டன் இரும்பு: இதுதான் திட்டம். வானத்திலிருந்து கொட்டிக்கொண்டே இருக்கும் மற்றத் துகள்களைப் பாறை வடிகட்டிவிடும். நியூட்ரினோ என்னும் நுண்துகள் மட்டும் ஊடுருவி வரும். அதற்காகத்தான் அத்தனை ஆழம். கதிரியக்கக் குப்பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்த மாதிரி ஆராய்ச்சி செய்ய எந்த விஞ்ஞானியும் விரும்பமாட்டார்.

பின்னே ஏன் அந்தப் பயம் அவ்வளவு சுலபமாக ஒட்டிக்கொண்டது? ஜனங்களுக்கு விஞ்ஞானம் தெரியாது என்று அன்று பல பெரியவர்கள் எழுதினார்கள். எனக்கு அந்தப் பதிலில் சம்மதமில்லை. காரணம் தேடிப் போனால் வழி கோலார் தங்கவயலில் போய் நிற்கிறது.

வடாற்காட்டிலிருந்து போன தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாய் இறங்கி உழைத்த சுரங்கம் அது. சாம்பியன் ரீஃப் பகுதியில் ஆழம் 3 கிலோமீட்டரைத் தாண்டும். 1965-ல் அங்கே, தரைக்கு இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே, பம்பாய் டாடா ஆய்வு நிறுவனத்தினர் ஜப்பானிய, ஆங்கிலேய விஞ்ஞானிகளோடு சேர்ந்து காற்றுமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவின் தடத்தைப் பதிவு செய்தார்கள். உலகத்தில் முதன்முதலாக அந்தத் தடத்தைக் கண்ட இடங்களில் ஒன்று நம் ஆட்கள் வெட்டிய குகை. போடி மலைத் திட்டம் அந்தப் பெருமையின் தொடர்ச்சியாகவே பேசப்பட்டது.

அதே தங்கவயலில் இன்னொரு சோதனையும் நடந்தது. 1980-களில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தினர், வேலை நின்றுபோன ஒரு பகுதியில், ஏறக்குறைய 1,000 மீட்டர் ஆழத்தில் ஓர் அறையை எடுத்துக்கொண்டு பாறைக்குள் மின்சாரச் சூடேற்றிகளைப் புதைத்தார்கள். கதிரியக்கக் கழிவு எதையும் அங்கே வைக்கவில்லை. கழிவைப் புதைத்தால் அதிலிருந்து கிளம்பும் வெப்பத்தில் பாறை எப்படி நடந்துகொள்ளும், வெடிக்குமா, விரியுமா என்று எட்டு ஆண்டுகள் அளந்து பார்த்தார்கள். நல்ல சோதனை, அவசியமான சோதனை. ஆனால் மேலே குடியிருந்த ஜனங்களில் எத்தனை பேருக்கு அது விளக்கிச் சொல்லப்பட்டது?

ஆக நியூட்ரினோவும் கழிவுச் சோதனையும் ஒரே சுரங்கத்தில் இருந்திருக்கின்றன. இரண்டுக்கும் பணம் கொடுத்ததும் ஒரே அணுசக்தித் துறை. 2012 நவம்பரில் கூடங்குளம் வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்தபோது, கழிவை நிரந்தரமாக எங்கே வைப்பீர்கள் என்ற கேள்விக்குக் கோலாரின் கைவிட்ட சுரங்கத்தின் பெயர் அடிபட்டது. தங்கவயல் கொந்தளித்தது. கடைகள் அடைத்தார்கள். கொஞ்ச நாளில் அப்படி ஒரு திட்டமே இல்லை என்று அரசு மறுத்தது. இதையெல்லாம் செய்தித்தாளில் படித்த ஒரு சம்சாரி, இரண்டு வருஷம் கழித்து தன் பக்கத்து மலையைக் குடையப் போகிறார்கள் என்று கேட்டால் என்ன நினைப்பார்? அவர் நினைத்தது தப்பு. அவருக்கு அந்த நினைப்பு வந்தது தப்பே இல்லை.

சரி, அவர் பயந்த அந்தக் கழிவுதான் என்ன?

நம் ஊர்க்காரர்களுக்கு அதைக் கூடங்குளத்திலிருந்து ஆரம்பிக்கத் தோன்றும். நான் சத்திரப்பட்டியிலிருந்து ஆரம்பிக்கிறேன். ராஜபாளையத்துக்குப் பக்கத்தில், தறிச் சத்தம் ஓயாத ஊர். ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி இங்கிருந்து நாடெங்கும் போகிறது. காயத்தில் வைக்கும் துணியில் கிருமி இருக்கக்கூடாது. அதற்கான வழிகளில் ஒன்று காமாக் கதிர். பெட்டியைப் பிரிக்காமலே கதிரை உள்ளே பாய்ச்சிக் கிருமியைக் கொன்றுவிடலாம். இதற்கென்றே 1974-ல் டிராம்பேயில் ஓர் ஆலை வந்தது. அதற்கு வேண்டிய கோபால்ட்-60 அணு உலையில் தயாராவது. அதன் அரை ஆயுள் ஐந்தேகால் ஆண்டு. அதாவது ஐந்தேகால் ஆண்டுக்கு ஒரு முறை அதன் கதிரியக்கம் பாதியாகக் குறையும். குறைந்து குறைந்து வேலைக்கு உதவாமல் போன பிறகும் ஒரு மனிதனைக் கொல்லப் போதுமான கதிர் அதில் மிஞ்சியிருக்கும். டெல்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறையில் 1985 முதல் உபயோகமில்லாமல் கிடந்த ஒரு கதிர்வீச்சுக் கருவியை 2010 பிப்ரவரியில் பழைய சாமானோடு ஏலம் விட்டார்கள். மாயாபுரி பழைய இரும்புக் கடையில் அதைப் பிரித்தவர்களுக்குக் கைகால் தோல் கறுத்தது, முடி கொட்டியது. ஒருவர் ஏப்ரலில் இறந்தார். வாங்கியவர்கள் போய், தெரிந்தவர்கள் ஓய்வுபெற்று, கருவி மட்டும் ஒரு மூலையில் நின்றிருக்கிறது. இருபத்தைந்து வருஷத்துக்குள்ளேயே ஒரு பெரிய பல்கலைக்கழகத்துக்கு மறந்துபோயிற்று.

அந்த இருபத்தைந்து வருஷத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அணு உலைக் கழிவு இதைப் போல் பல மடங்கு. 1,000 மெகாவாட் உலை ஒன்றிலிருந்து ஆண்டுக்கு ஏறக்குறைய 20 முதல் 25 டன் எரிபொருள், எரிந்து முடிந்ததென்று வெளியே வரும். விறகு எரிந்தால் சாம்பல் ஆறிவிடும். இது ஆறாது. உலைக்குள் போகும்போது இருந்ததைவிட வெளியே வரும்போதுதான் அதன் கதிரியக்கம் பயங்கரம். ஆழமான தண்ணீர்த் தொட்டிக்குள் சில ஆண்டுகள் மூழ்க வைத்தாக வேண்டும். தண்ணீரே அங்கே குளிர்ச்சியும் கவசமும்.

பிறகு இரண்டு வழி. பின்லாந்தும் சுவீடனும் அப்படியே பூமிக்குள் புதைக்கப் போகின்றன. இந்தியாவின் வழி வேறு. எரிபொருளை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, யுரேனியத்தையும் புளூட்டோனியத்தையும் மறுபடி உபயோகிக்கப் பிரித்தெடுக்கிறார்கள். மிச்சப்படும் திரவம்தான் உயர்நிலைக் கழிவு. சீசியம், ஸ்ட்ரான்ஷியம் என்று கொடியவை எல்லாம் அதில் சேர்ந்திருக்கும். அளவில் சின்னது, வீரியத்தில் பெரியது. பாலைக் காய்ச்சிக் காய்ச்சிச் சுண்ட வைத்ததுபோல. இந்தத் திரவத்தைக் கையாள்வதில் சிறு பிசகும் கூடாது. கல்பாக்கம் மறுசுத்திகரிப்பு நிலையத்தில் 2003 ஜனவரி 21 அன்று ஒரு வால்வு பழுதானதில் வீரியம் மிக்க கழிவு, வீரியம் குறைந்த கழிவுக்கான தொட்டிக்குள் போய்விட்டது. அது தெரியாமல் மாதிரி எடுக்கப் போன ஊழியர்கள் உட்பட ஆறு பேர் அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேல் கதிர் வாங்கினார்கள்.

திரவம் ஓடும், கசியும். அதனால்தான் அதைக் கண்ணாடியாக்குகிறார்கள். தாராப்பூரில் 1985-ல் தொடங்கிய வேலை. பிறகு டிராம்பே, அதற்குப் பிறகு கல்பாக்கம். திரவத்தை வற்ற வைத்து, போரானும் சிலிக்காவும் கலந்த கண்ணாடிப் பொருளோடு சேர்த்து ஏறக்குறைய 1,000 டிகிரி சூட்டில் உருக்கி, துருப்பிடிக்காத எஃகு உருளைக்குள் ஊற்றி மூடிப் பற்றவைத்துவிடுவார்கள். அறைக்குள் மனிதர் யாரும் இருக்க முடியாது. தடித்த சுவருக்கு இந்தப் பக்கம் நின்று, ஈயம் கலந்த கண்ணாடி ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு, இயந்திரக் கைகளால் செய்கிற வேலை.

ஏன் கண்ணாடி? சென்ற ஆடிப்பூரத் தேருக்குப் போனபோது தேரடியில் வளையல் கடை விரித்திருந்த பாட்டியிடம் ஓர் உடைந்த பச்சை வளையல் கேட்டேன். "உடைஞ்சத எதுக்குய்யா?" என்று கேட்டுவிட்டு, ஒரு காகிதத்தில் நாலைந்து துண்டு மடித்துக் கொடுத்தார். வீட்டில் இரண்டு டம்ளர் தண்ணீர் வைத்து, ஒன்றில் வளையல் துண்டும் மற்றதில் சிவப்புச் சாயமிட்ட ஒரு துணிக்கிழிசலும் போட்டேன். மறுநாள் காலையில் துணி கிடந்த தண்ணீர் வெளிறிய சிவப்பு. வளையல் கிடந்த தண்ணீர் எப்போது பார்த்தாலும் தெளிவாகத்தான் இருக்கிறது. சாயம் துணியின்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. வளையலின் பச்சை, கண்ணாடியோடு கண்ணாடியாக உருகிக் கலந்தது. சீசியமும் ஸ்ட்ரான்ஷியமும் அப்படித்தான் அந்த எஃகு உருளைக்குள் கலந்து நிற்கின்றன.

கண்ணாடியும் காலப்போக்கில் கரையும், வெகு மெதுவாக. அதனால் கண்ணாடிக்கு மேல் எஃகு, எஃகுக்கு மேல் தண்ணீர் பட்டால் ஊதிப் பெருத்து இடுக்கை அடைக்கும் பெண்டனைட் களிமண், அதற்கும் வெளியே பாறை என்று ஒன்றுக்குள் ஒன்றாக அரண் வைக்கச் சொல்கிறார்கள். எல்லா அரணும் ஒரே எதிரிக்காக: தண்ணீர். கண்மாய்த் தண்ணி என்ன ஆகும் என்று அந்தச் சம்சாரி கேட்டாரே, உலகத்துப் புவியியலாளர்கள் எல்லாரும் கேட்பதும் அந்தக் கேள்விதான். நிலத்தடி நீர் அந்தப் பாறைக்குள் எங்கே நுழையும், எத்தனை வருஷத்தில் வெளியே வரும்?

ஆப்பிரிக்காவில் காபோன் நாட்டில் ஓக்லோ என்று ஓர் இடம். சுமார் 200 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, யுரேனியம் செறிந்த பாறையில் தண்ணீர் புகுந்து அணு உலை தானாகவே இயங்கியிருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் 1972-ல் கண்டுபிடித்தார்கள். அந்த இயற்கை உலையின் கழிவில் பல தனிமங்கள், அத்தனை காலத்துக்குப் பிறகும், பிறந்த இடத்தை விட்டு அதிகம் நகரவில்லை. பாறையை நம்பலாம் என்பவர்களுக்கு ஓக்லோ பெரிய சாட்சி. எனக்கும் அதைப் படித்தபோது மனசு கொஞ்சம் லேசானது.

பாறையை நம்பலாம். மனித ஞாபகத்தை எவ்வளவு நம்புவது?

சீசியத்தின் அரை ஆயுள் 30 ஆண்டு. முந்நூறு ஆண்டில் அது ஆயிரத்தில் ஒரு பங்காகும். மதுரையில் ராணி மீனாட்சி ஆண்ட 1730-களில் ஒரு பானையில் வைத்திருந்தால் இன்றைக்குத்தான் அந்தக் கணக்கு முடியும். அதைக்கூட ஒரு நாடு காவல் காத்துவிடலாம். புளூட்டோனியத்தில் பிரித்தெடுக்கத் தப்பிய கொஞ்சம் கழிவோடு போகிறது. அதன் அரை ஆயுள் 24,100 ஆண்டு. ஆண்டாள் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தெருவில் நடந்து 1,200 வருஷம் இருக்கும் என்று வைத்துக்கொண்டால், அதைப் போல் இருபது மடங்கு காலம் கழிந்த பிறகுதான் அது பாதியாகும்.

மதுரைக்குக் கிழக்கே மாங்குளம் மலைக்குகையில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. வயது இரண்டாயிரத்துக்கு மேல். மொழி தமிழ்தான். 1882-ல் ராபர்ட் சூவல் அதைக் கண்டபோது படிக்க நம்மில் ஆளில்லை. அதில் நெடுஞ்செழியன் பெயர் இருக்கிறதென்று ஐராவதம் மகாதேவன் தெளிவாகச் சொன்னது 1960-களில். இடைப்பட்ட காலமெல்லாம், சொந்த மொழியில் சொந்த அரசன் பெயர் எழுதியிருந்த பாறைக்குக் கீழே நம் ஆட்கள் ஆடு மேய்த்திருக்கிறார்கள். வட்டெழுத்தும் அப்படித்தான்; எத்தனையோ கோயில் சுவரில் இருக்கிறது, படிக்கத் தெரிந்தவர்கள் மிகச் சிலர். அமெரிக்காவில் 1980-களிலும் 90-களிலும் மொழியறிஞர்களும் மானுடவியலாளர்களும் கூடி, பத்தாயிரம் வருஷம் கழித்து வருபவனுக்கு 'இங்கே தோண்டாதே' என்பதை எப்படி எழுதிவைப்பது என்று யோசித்தார்கள். அந்தக் கூட்டத்துக்கு மாங்குளத்துப் பாறையின் படம் ஒன்றை யாராவது அனுப்பியிருக்கலாம்.

இப்போது கூடங்குளம். ராஜபாளையத்துக்கு நேர் தெற்கே சுமார் 140 கிலோமீட்டர்.

1988 நவம்பரில் ராஜீவ் காந்தியும் கோர்பசேவும் ஒப்பந்தம் போட்டபோது, எரிந்த எரிபொருளைச் சோவியத் யூனியனே திரும்ப எடுத்துக்கொள்ளும் என்றுதான் ஏற்பாடு. சோவியத் போயிற்று. 1998-ல் துணை ஒப்பந்தம் வந்தது. எரிந்த எரிபொருள் இந்தியாவிலேயே இருக்கும் என்றாயிற்று. இந்த ஒரு வரி மாற்றம்தான் இன்றைக்குள்ள வழக்குகள் அத்தனைக்கும் வேர் என்று நான் நினைக்கிறேன். அன்று அதைப் பற்றித் திருநெல்வேலியிலோ விருதுநகரிலோ ஊரைக் கூட்டிச் சொன்னவர்கள் யார்?

2011-ல் இடிந்தகரையில் போராட்டம் மூண்டது. அதே வருஷங்களில் எங்கள் பக்கம் மின்வெட்டு. அதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். நூற்பாலையில் ஷிப்டு பாதியில் நிற்கும். சத்திரப்பட்டியில் தறி நின்று, தெருவே செவிடானதுபோல் இருக்கும். எப்படியாவது கூடங்குளம் ஓடினால் போதும் என்று இங்கே பலர் சொன்னார்கள். கூலியை நம்பி இருந்தவர்களை நான் குறை சொல்லமாட்டேன். 2013-ல் முதல் உலை இயங்கத் தொடங்கியது, 2016-ல் இரண்டாவது. இந்த மலையடிவாரத்து மில்களில் சுற்றும் கதிர்களுக்கும் அந்த மின்சாரத்தில் பங்கு உண்டு. ஆகவே கழிவிலும் உண்டு.

2013 மே 6 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் உலையை அனுமதித்தது. கூடவே 15 கட்டளைகள் இட்டது. எரிந்த எரிபொருளை உலைக்கு வெளியே தனிக் கிடங்கில் வைக்க ஏற்பாடு வேண்டும். நிரந்தரமாகப் பூமியின் ஆழத்தில் வைக்கும் இடத்தையும் விரைவில் அமைக்க வேண்டும். அப்போதுதான் கூடங்குளத்திலேயே கழிவு தங்கிவிடுமோ என்ற ஜனங்களின் அச்சம் நீங்கும் என்றும் சொன்னது. முதலாவதற்கு ஐந்து வருஷத் தவணை. தவணை போதவில்லை, நீட்டித்து வாங்கினார்கள். 2019 ஜூலை 10 அன்று கிடங்குக்கான பொதுக் கருத்துக் கேட்புக் கூட்டம் என்று அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் தள்ளிவைத்தார்கள். ஆழத்தில் நிரந்தர இடம் பற்றி அணுசக்தித் துறை சொல்லிவரும் பதில், கழிவின் அளவு குறைவு, இப்போதைக்கு அவசரத் தேவை இல்லை என்பதே. விஞ்ஞானக் கணக்குப்படி அந்தப் பதிலில் நியாயம் உண்டு. கண்ணாடி உருளைகளைச் சூடு தணிய 30 ஆண்டுக்கு மேல் காற்றோட்டமான கிடங்கில் எப்படியும் வைத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் இடம் தேடுவதும், ஊரோடு பேசுவதும், சந்தேகம் தீர்வதும் அந்த முப்பது ஆண்டுக்குள் நடக்க வேண்டிய வேலைகள்.

பின்லாந்தில் அதைச் செய்தார்கள். அங்கே சட்டப்படி, ஊராட்சி மறுத்தால் அணுக் கிடங்கு அந்த ஊருக்குள் வர முடியாது. 2000 ஜனவரியில் யூராயோக்கி ஊராட்சி மன்றம் கூடி, 20-க்கு 7 என்ற வாக்கில் சம்மதித்தது. அடுத்த ஆண்டு நாடாளுமன்றம் ஒப்புக்கொண்டது. அதன் பிறகே ஓன்கலோ என்ற இடத்தில், ஏறக்குறைய 190 கோடி வயதுள்ள பாறைக்குள் 400 மீட்டருக்கும் கீழே தோண்டினார்கள். வேண்டாம் என்று வாக்களித்த அந்த ஏழு பேரை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அவர்களும் உள்ளே உட்கார்ந்து பேசி, தோற்று, அதே ஊரில் இருக்கிறார்கள். நம் பக்கம் அந்த ஏழு பேரும் கூட்டத்துக்கு வெளியே போலீஸ் தடுப்புக்கு அப்பால் நின்றிருப்பார்கள்.

பொட்டிப்புரம் என்ன ஆயிற்று? 2015 மார்ச்சில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி இல்லாமல் வேலை கூடாது என்று நிறுத்தியது. 2017 மார்ச்சில் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. 2018-ல் மத்திய அரசு சிறப்பு நேர்வு என்று மறுபடி அனுமதித்தது. 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல் பரப்பு. 2022 பிப்ரவரியில் தமிழக அரசு, பெரியாறு காட்டுக்கும் நம் காட்டுக்கும் இடையே புலி நடக்கும் வழி கெட்டுவிடும், ஆகவே இந்தத் திட்டம் வேண்டாம் என்று உச்ச நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்தது. அதே பிப்ரவரியில்தான், கூடங்குளத்து எரிந்த எரிபொருளை ரஷ்யாவுக்கே திருப்பி அனுப்புங்கள் என்று முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். 1988-ல் ஒத்துக்கொண்டதை 34 வருஷம் கழித்துக் கேட்ட கடிதம் அது.

தென்னந்தோப்புச் சம்சாரியைப் போன மாதம் பார்த்தேன். மலைக்குள் வைக்க இருந்தது குப்பை இல்லை என்று விவரமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "சரி அண்ணாச்சி, இங்க இல்லன்னா வேற எங்கதான் வைப்பாக?" என்றார். தாராப்பூர்க் கிடங்கையும் கல்பாக்கத்தையும் சொன்னேன். "அது இப்போதைக்கு. பெறகு?" என்றார். இரண்டு இளநீர் வெட்டி, ஒன்றை என் கையில் கொடுத்தார்.

அடுத்த இதழில் அதே 1988-க்குத் திரும்புவோம். கூடங்குளம் ஒப்பந்தம் கையெழுத்தான அந்த வருஷக் கடைசியில்தான் செண்பகத்தோப்புக் காட்டில் சாம்பல் நிற மலை அணிலுக்கென்று சரணாலயம் அறிவித்தார்கள்.